போர்டோ ஒயின் அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போகிறீர்களா?

பிரான்சுக்கு வரும் உறவினர்களுடன் ஊர்சுற்றத் திட்டம் போடும்போதெல்லாம், போர்டோ நகரத்து ஒயின் அருங்காட்சியகத்தின் பேச்சு வந்ததும் ஒரு தயக்கம் எழும். "ஒயினைப் பற்றி நமக்கு என்ன தெரியும், அங்கே போய் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்பார். "நான் குடிக்கிறதே இல்லையே" என்பார் இன்னொருவர். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அஞ்சறைப்பெட்டியைத் திறந்து முகர்ந்து வளர்ந்த மூக்கு இருந்தால் போதும், தாராளமாகப் போகலாம். அந்த இடத்தின் உயிரே வாசனையில்தான் இருக்கிறது. கிராம்பு, மிளகு, ஈரமண், துவர்ப்பு என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களோடு உள்ளே போகிறவருக்கு, ஒயின் புத்தகங்களை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவரைவிட அதிகம் கிடைக்கும் என்பது நான் கண்கூடாகக் கண்டது.

அருங்காட்சியகத்தின் பெயர் லா சித்தே து வான். 'ஒயின் நகரம்' என்று பொருள். 2016 ஜூன் மாதம் மக்களுக்குத் திறந்தது. 2023இல் நிரந்தரக் காட்சியைப் பெருமளவு புதுப்பித்தார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளை நம்பிப் போனால் சில பகுதிகள் இடம் மாறியிருக்கும். நான் கீழே சொல்வதை வரைபடமாக எடுத்துக்கொள்ளாமல், எதைத் தேட வேண்டும் என்பதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டும் நேரமும்

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு இருபது யூரோவைச் சற்றுத் தாண்டும். சிறுவர்களுக்குக் குறைவு. இந்த ஒரே சீட்டில் இரண்டு விஷயங்கள் அடக்கம்: இரண்டாம் தளத்தில் இருக்கும் நிரந்தரக் காட்சி, பிறகு எட்டாம் தளத்து மாடத்தில் ஒரு கோப்பை ஒயின். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் திராட்சைச் சாறு உண்டு. முதல் தளத்தில் நடக்கும் தற்காலிகக் கண்காட்சிக்கும் சுவைப் பயிலரங்குகளுக்கும் தனிச் சீட்டு. நகரத்தில் இரண்டு மூன்று நாள் தங்கிப் பல இடங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் போர்டோ சிட்டிபாஸ் அட்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த நுழைவும் ட்ராம் பயணமும் அதில் சேர்ந்து வரும். அருங்காட்சியகத்துக்குள் எந்த நேரத்தில் நுழையலாம் என்ற நிபந்தனையை மட்டும் வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

எந்த நேரம் நல்லது? காலைதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் முறை மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு உள்ளே போனேன். கண் சொருகியது, மூக்கு மந்தமாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்குகூடப் பார்த்து முடிக்கவில்லை. மூடும் நேரம் நெருங்கிவிட்டதால் மாடத்துக்கு ஓடி, கோப்பையை அவசரமாகக் காலி செய்துவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஒயினைத் தொழிலாகச் சுவைத்துப் பார்ப்பவர்களும் மதியச் சாப்பாட்டுக்கு முந்திய நேரத்தைத்தான் விரும்புவார்கள். அப்போது வாயும் மூக்கும் சுத்தமாக, பசி லேசாகக் கிளம்பும் நிலையில் இருக்கும். திறந்ததும் போங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றைக்கு மத்தியானத்துக்கு வேறு எந்த முன்பதிவும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

வாசனைத் திரவியம் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்ட், வாசமுள்ள தலை எண்ணெய், கைக்குத் தடவும் வாசனைக் களிம்பு எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு விட்டுவிடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து நீங்கள் செய்யும் உபகாரம் அது. பல் தேய்த்த உடனே போனால் பற்பசையின் புதினா வாசம் நாக்கைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சூயிங்கம் கூடாது. காலை உணவைத் தவிர்க்காதீர்கள், வெறும் வயிற்றில் ஒரு கோப்பைகூடத் தலைக்கு ஏறும்.

அப்புறம், அங்கே அடிக்கடி காதில் விழப்போகும் ஆறேழு சொற்கள். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செபாஜ் என்றால் திராட்சையின் ரகம். நாம் மாம்பழத்தில் மல்கோவா, பங்கனப்பள்ளி என்கிற மாதிரி இங்கே மெர்லோ, கபெர்னே சோவினியோன். மில்லேசிம் என்பது திராட்சை பறித்த ஆண்டு, பாட்டில் மேல் போட்டிருக்கும் எண் அதுதான். அசம்பிளாஜ் என்பது பல ரகங்களின் ஒயினைக் கலப்பது, போர்டோக்காரர்களின் கைத்திறமை இதில்தான் இருக்கிறது. பரிக் என்பது 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய். டானின் என்பது திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து வருவது. அதற்கு நம்மிடம் அச்சு அசலான சொல் இருக்கிறது: துவர்ப்பு. நாவல்பழம் தின்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதேதான். அறுசுவையில் ஒன்றாகச் சின்ன வயதிலேயே படித்துவிட்டதால், இது நாக்கில் பட்ட உடனே நமக்குப் பெயர் சொல்ல வந்துவிடும்.

கடைசியாகத் தெர்ருவார். மொழிபெயர்க்க முடியாத சொல் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மண், சரிவு, வெயில், மழை, அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு பழத்துக்குத் தரும் குணம் என்று பொருள். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அதிலிருந்து அங்கே வளரும் பூவும் மரமும் மனிதரின் தொழிலும் பிறக்கின்றன என்று இலக்கணம் வகுத்த மொழியில் பேசுகிறவர்கள் நாம். இந்தச் சொல் நமக்குப் புரியாமல் போகாது.

போய்ச் சேர்வது

பாரிசிலிருந்து வருகிறீர்கள் என்றால் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறுங்கள். 2017இல் புதிய பாதை திறந்த பிறகு சுமார் இரண்டு மணி நேரத்தில் போர்டோ சேன் ழான் நிலையம் வந்துவிடுகிறது. நிலைய வாசலில் ட்ராம் சி ஏறி, கேன்கோன்ஸ் நிறுத்தத்தில் இறங்கி, ட்ராம் பி மாறுங்கள். அருங்காட்சியகத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. சீட்டை ஏறியதும் கருவியில் காட்டிச் செல்லுபடியாக்க மறக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி ஆறுதான். கரோன் ஆற்றில் ஓடும் நகரப் படகு அருங்காட்சியகத்தின் பின்னாலேயே நிற்கும். படகிலிருந்து பார்க்கும்போதுதான் இந்த நகரம் ஏன் நிலாத் துறைமுகம் என்று அழைக்கப்படுகிறது என்பது புரியும். ஆறு இங்கே பிறைபோல வளைகிறது. 2007இல் அந்தப் பெயரிலேயே யுனெஸ்கோ பட்டியலில் நகரம் இடம்பெற்றது. கரையோரம் வரிசையாக நிற்கும் 18ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடங்களைத் தாண்டியதும், நடுப்பகுதியைச் செங்குத்தாக மேலே தூக்கும் ஷபான் தெல்மாஸ் பாலம் வரும். அதை ஒட்டி ஒரு பொன்னிற உருவம் எழுந்து நிற்கும்.

அதுதான் நீங்கள் தேடி வந்த கட்டடம். 55 மீட்டர் உயரம். எக்ஸ்டியு என்ற பாரிஸ் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர்கள் அனுக் லெஜாந்த்ரும் நிக்கோலா தெமாசியரும் வடிவமைத்தது. கோப்பையில் சுழலும் ஒயின், முறுக்கேறிய திராட்சைக் கொடியின் அடிமரம், கரோன் ஆற்றின் சுழல் எல்லாம் அதன் வளைவில் இருக்கின்றன. உள்ளே போகும் அவசரத்தில் இதைத் தவறவிடாதீர்கள். வெளியே ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். அலுமினியத் தகடுகளும் கண்ணாடியும் சேர்ந்த அந்தத் தோல் வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறும்.

உள்ளே நுழைந்ததும்

பெரிய பைகளையும் மழைக்கோட்டையும் ஒப்படைத்துவிடுங்கள், கை இரண்டும் உங்களுக்கு வேண்டும். இரண்டாம் தளத்து வாசலில் கையடக்கக் கருவியும் காதில் மாட்டும் ஒலிப்பானும் தருவார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம் உட்பட எட்டு மொழிகள் இருக்கின்றன. தமிழ் இல்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் வராத பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால், ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்கிற மாதிரி ஜோடி பிரித்துக்கொள்ளுங்கள். என் அத்தையை அப்படித்தான் அழைத்துப் போனேன்.

காட்சியின் முன்னால் போய் நின்றால் ஒலி வரும், வேண்டிய இடத்தில் கருவியைக் காட்டித் தொடங்கிக்கொள்ளலாம். அவசரப்படாமல், ஒரு காட்சியின் பேச்சு முடிந்த பிறகு அடுத்ததற்கு நகருங்கள். பாதிப் பேச்சில் நகர்ந்தால் வேறொரு குரல் குறுக்கே வந்து எதுவும் மனதில் நிற்காது.

முதல் முறை வருகிறவர்களைக் குழப்புவது, இங்கே வரிசை இல்லை என்பதுதான். அம்புக்குறி இல்லை, முதல் அறை கடைசி அறை இல்லை. 3,000 சதுர மீட்டர் பரப்பில் வளைந்து வளைந்து போகும் கூடத்தில், யாருக்கு எது பிடிக்கிறதோ அங்கே போகலாம். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஒரு நாள் போதாது. அதனால் முதல் பத்து நிமிடம் எதிலும் நிற்காமல் சும்மா ஒரு சுற்று நடந்து வாருங்கள். எது எங்கே இருக்கிறது, எங்கே கூட்டம், எங்கே உட்கார இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றில் நிதானமாக நில்லுங்கள். நான் தேர்ந்தெடுப்பவை இவை.

நிலத்தில் தொடங்குங்கள்

உலகத்துத் திராட்சைத் தோட்டங்களை வானத்திலிருந்து படம்பிடித்துப் பெரிய திரைகளில் ஓடவிடும் பகுதியில் முதலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பேச்சே தேவையில்லை. செங்குத்தான மலைச்சரிவு, எரிமலைச் சாம்பல் மண், பாலைவனத்தை ஒட்டிய பசுமை என்று ஒரே செடி எத்தனை விதமான இடங்களில் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

அதற்கப்புறம் தோட்டக்காரர்கள் தங்கள் மண்ணைப் பற்றித் தாங்களே பேசும் பகுதி. இங்கே எனக்கு நேரம் போவதே தெரியாது. போர்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது கரையில் மெதோக் பக்கம் கூழாங்கல் மண். தண்ணீர் நிற்காது, பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் வைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவினியோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையில் சேந்தெமிலியோன், பொம்ரோல் பக்கம் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். குளிர்ச்சியான, ஈரம் பிடித்து வைக்கும் மண். அங்கே சீக்கிரம் பழுக்கும் மெர்லோ. ஒரே வட்டாரம், நடுவில் ஆறுகள், இரண்டு கரையிலும் இரண்டு விதமான ஒயின். தெற்கே சோத்தேர்னில் இன்னொரு கதை. சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோனில் கலக்கும் இடத்தில் இலையுதிர் காலத்தில் மூடுபனி எழும். அந்தப் பனியில் திராட்சை மேல் ஒரு பூஞ்சை படரும். பழம் சுருங்கி வற்றி, இனிப்பு திரண்டு, உலகமே தேடும் இனிப்பு ஒயின் ஆகும். அழுகல் என்று பார்த்தவர்கள் தூக்கி எறிந்திருந்தால் அந்த ஒயினே இருந்திருக்காது.

விவசாயக் குடும்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் ஊரில் பயிர் நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவை இந்த ஊரில்தான் பிறந்தது. 1880களில் மெதோக் பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்திருந்தார்கள். சுற்றிலும் நோய் வந்தபோது அந்த வரிசைகள் மட்டும் இலை உதிராமல் நின்றதைப் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மில்லார்தே கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். என் அத்தை இதைக் கேட்டதும், "நம்ம வெத்தலைக் கொடிக்கு அடிச்சோமே, அதுவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த இடத்தில் தயக்கம் போயிற்று.

வாசனை மேசை

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். நான் போனபோது நீண்ட மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் கவிகைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொருள். செம்பு ஊதுகுழல் மாதிரி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர்க் குமிழை அழுத்தினால் வாசனை வரும்.

இதை எப்படிச் செய்வது என்றால், முதலில் பொருளைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, குமிழை மெல்ல அழுத்தி, நாய்க்குட்டி முகர்வது போலச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழுங்கள். ஆழமாக ஒரே இழுப்பு இழுத்தால் மூக்கு உடனே பழகிப்போய் எதுவும் தெரியாமல் போகும். மனதில் முதலில் வரும் சொல் எதுவோ அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். அது பழத்தின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. 'பாட்டி வீட்டு மரப்பெட்டி', 'முதல் மழை', 'புதுச் செருப்பு' எதுவானாலும் சரி. அதற்கப்புறம் கண்ணைத் திறந்து பாருங்கள். நாலைந்து வாசனைக்கு ஒரு முறை உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

திராட்சையில் இருந்து இந்த வாசனையெல்லாம் எப்படி வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். யாரும் எதையும் கலப்பதில்லை. சிரா என்ற ரகத்தில் மிளகு வாசம் அடிக்கும். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை அடையாளம் கண்டார்கள். நம் குறுமிளகின் வாசத்துக்குக் காரணமும் அதே சேர்மம்தான். வேடிக்கை என்னவென்றால், ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாது. அதனால் பக்கத்தில் இருப்பவர் "மிளகு, மிளகு" என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். கிராம்பு வாசம் தரும் யூஜினாலும், வனிலா வாசமும் ஓக் பீப்பாயிலிருந்து வருபவை. சரியாகப் பழுக்காத கபெர்னே சோவினியோனில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும்.

அத்தை கிராம்பை ஒரே நொடியில் சொன்னார். பக்கத்தில் ஒரு பிரெஞ்சு இளைஞர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு அடுத்த கவிகைக்கும் அத்தையைக் கையைக் காட்டி அழைத்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு ஒயின் தொடாதவர் அன்றைக்கு அந்த மேசையின் முழு நீளத்தையும் முகர்ந்து முடித்தார்.

திராட்சை மாறும் இடம், கப்பல் அறை

திராட்சை எப்படி ஒயினாகிறது என்று காட்டும் பகுதியை விட்டுவிடாதீர்கள். சுருக்கம் இவ்வளவுதான்: ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இட்லி மாவு பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நொதித்தல் புதிதல்ல. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று, கறுப்புத் திராட்சையின் சாறும் அநேகமாக நிறமற்றதுதான். சிவப்பு நிறம் தோலிலிருந்து வருவது. தோலோடு ஊறவைத்தால் சிவப்பு, கொஞ்ச நேரத்தில் வடித்துவிட்டால் ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின்.

கப்பலின் உட்புறம் போல வளைந்த அறையில், ஒயின் கடல் கடந்த கதையைத் திரையில் காட்டுவார்கள். கால் வலிக்கும் நேரத்தில் உட்கார நல்ல இடம். 1152இல், போர்டோ அடங்கிய அக்கித்தேன் நாட்டை ஆண்ட எலியனோர், பின்னால் இங்கிலாந்தின் அரசனான ஹென்றியை மணந்தாள். அதிலிருந்து 1453 வரை இந்த வட்டாரம் இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்தது. போர்டோ ஒயின் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைசல்கள் நினைவுக்கு வரும். யவனர் கொண்டு வந்த மணமுள்ள தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்தக் கப்பல்களின் இன்னொரு முனை நம் கரை.

பழமை பற்றிய பகுதியில் ஜார்ஜியாவைத் தேடுங்கள். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்திய மண்பாண்டங்களில் ஒயினின் தடயம் அங்கே கிடைத்திருக்கிறது. க்வெவ்ரி என்ற பெரிய தாழியை மண்ணில் புதைத்து, அதில் ஒயின் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2013இல் யுனெஸ்கோ அதை மரபாக அங்கீகரித்தது.

மீதி எல்லாம் உங்கள் விருப்பம். பிரபலங்கள், விருந்து முறைகள் பற்றிய பகுதிகளை நேரம் இருந்தால் பாருங்கள். குழந்தைகள் உடன் வந்தால் அவர்களுக்கான தனிப் பாதை இருக்கிறதா என்று கருவி வாங்கும்போதே கேளுங்கள். எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். வாசனை மேசைக்கு அவர்களை முதலில் அழைத்துப் போய்விடுங்கள்.

எட்டாம் தளத்தில் ஒரு கோப்பை

லிஃப்டில் ஏறினால் 35 மீட்டர் உயரத்து மாடம். தலைக்கு மேல் விதானத்தில் ஏராளமான பாட்டில்கள், சுற்றிலும் நகரமும் ஆறும். உலகின் பல நாட்டு ஒயின்கள் வைத்திருப்பார்கள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: பெயர் தெரிந்ததைக் கேட்கிறார்கள். பெயரைக் கேட்காதீர்கள். வாசனை மேசையில் உங்களுக்கு எது பிடித்ததோ அதைச் சொல்லுங்கள். "மிளகு வாசம் உள்ளது வேண்டும்", "துவர்ப்பு குறைவாக வேண்டும்", "இனிப்பாக வேண்டும்" என்று சொன்னால் ஊற்றுபவரே பொருத்தமானதை எடுத்துத் தருவார். அவர்களுக்கும் அப்படிக் கேட்பவரைக் கண்டால் மகிழ்ச்சிதான்.

கோப்பையைத் தண்டில் பிடியுங்கள், கையின் சூடு ஒயினில் ஏறாது. வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு மெல்லச் சுழற்றி மறுபடி முகருங்கள், இரண்டும் வேறு வேறு வாசனை. சிறு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கில் உருட்டுங்கள். பல் ஈறில் இழுத்தால் துவர்ப்பு, கன்னத்தின் இரு பக்கமும் உமிழ்நீர் சுரந்தால் புளிப்பு. விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போதுதான் பின்வாசனை வரும். எத்தனை நொடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் மீதியை வைத்துவிடலாம், வாயில் இருப்பதைத் துப்பும் பாத்திரத்தில் துப்பலாம். அது அநாகரிகம் இல்லை, தொழில்காரர்கள் நாள் முழுக்கத் துப்புகிறவர்கள்தான். கார் ஓட்டப் போகிறவர் கட்டாயம் சாறு எடுத்துக்கொள்ளட்டும். சாறு குடிப்பவரும் இதே முறையில் முகர்ந்து, உருட்டிக் குடிக்கலாம். அத்தை அப்படித்தான் குடித்தார். குடித்து முடித்ததும் கோப்பையைக் கீழே வைக்காமல் காலிக் கோப்பையை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். நிறைந்திருந்தபோது தெரியாத ஒரு வாசம் அதில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வேறு மொழிக்கு மாற்றிய குறிப்பு, ஆறு மாதம் கழித்துப் படித்தால் வாசனையைத் திரும்பக் கொண்டு வராது.

இறங்கிய பிறகு

தரைத்தளத்தில் பல நாட்டுப் பாட்டில்கள் விற்கும் ஒயின் கடை இருக்கிறது. சுற்றிப் பாருங்கள், வாங்க அவசரம் வேண்டாம். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மெதோக், சோத்தேர்ன் தோட்டங்களைத் தரம் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்று வரை விலையை ஆள்கிறது. மேல்தட்டில் நிகழ்ந்த ஒரே பெரிய மாற்றம் 1973இல் முத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் முதல் தரத்துக்கு உயர்ந்தது. அந்தப் பெயர்களின் விலையைப் பார்த்து மிரள வேண்டாம். பட்டியலில் இல்லாத சிறு தோட்டங்களின் ஒயின் பத்துப் பதினைந்து யூரோவிலேயே நன்றாக இருக்கும்.

நேரம் இருந்தால் ஊருக்குள் அக்கித்தேன் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். இந்த நகரத்தின் 18ஆம் நூற்றாண்டுச் செல்வத்தில் அடிமை வணிகத்துக்கு இருந்த பங்கை அங்கே வெளிப்படையாகக் காட்டுகிறார்கள். ஒயின் கப்பல்களின் கதையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அதையும் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மறுநாள் காலியாக இருந்தால் சேந்தெமிலியோனுக்கு உள்ளூர் ரயில் பிடியுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து ஊருக்குள் போகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிட நடை. வரப்பு ஓரமாக நின்று ஒரு கொடியின் அடிமரத்தைக் குனிந்து பாருங்கள், உள்ளே இறங்கவோ பழத்தைத் தொடவோ வேண்டாம். தரையை ஒட்டி ஒரு முடிச்சு மாதிரி வீங்கியிருக்கும். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டிப் பிழைக்கவைத்தார்கள். அந்த முடிச்சுதான் ஒட்டு போட்ட இடம். அதற்குக் கீழே அமெரிக்கா, மேலே மெர்லோ.